நாகப்பட்டினத்தின் கதைகளும் கல்வெட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகையைப் பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அசோகர் கட்டிய விகாரை, அதாவது பௌத்தத் துறவிகளின் மடம், இங்கே இருந்ததா? ஆழ்வார் பொன் புத்தரை எடுத்துப் போனாரா? கடற்கரையில் நின்ற சீனக் கோபுரம் எங்கே போயிற்று? ஊர்க்கதைகளை நான் மதிக்கிறேன். செப்பேட்டில் இருப்பதையும் மதிக்கிறேன். எது எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துச் சொல்வதற்கே இந்தப் பக்கம்.

‘நாகப்பட்டினம்’ என்ற பெயர் எப்படி வந்தது?

மூன்று விதமாகச் சொல்வார்கள். காயாரோகணேசுவரர் கோயிலின் தலபுராணம், ஆதிசேடன் இங்கே வழிபட்டதால் நாகை என்கிறது. இரண்டாவது விளக்கம், பழங்காலத்தில் ஈழத்திலும் இந்தக் கரையிலும் வாழ்ந்த நாகர் என்ற மக்களோடு பெயரை இணைக்கிறது. மூன்றாவது, 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய தாலமி குறிப்பிடும் ‘நிகாமா’ நகரம் இதுதான் என்கிறது. மூன்றாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓசை ஒத்துப்போவது ஒன்றுதான் அதற்குப் பலம்.

உறுதியாக நிற்பது தேவாரம். அப்பரும் சம்பந்தரும் 7ஆம் நூற்றாண்டிலேயே ‘நாகைக் காரோணம்’ என்று பாடிவிட்டார்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் ஊருக்குச் ‘சோழகுலவல்லிப்பட்டினம்’ என்ற பெயரும் இருந்தது. அது செப்பேட்டோடு நின்றுவிட்டது. ஊர் வாயில் நாகைதான் தங்கியது.

அசோகர் இங்கே விகாரை கட்டினாரா?

இந்தப் பேச்சு வெறும் வாய்வழக்கு இல்லை. நெத்திப்பகரணம் என்ற பாலி நூலுக்கு உரை எழுதிய தம்மபாலர், நாகப்பட்டினத்தில் தம்மாசோக மகாராச விகாரையில் தங்கி எழுதியதாக உரையின் முடிவில் சொல்கிறார். அப்படிப் பெயர் கொண்ட ஒரு விகாரை இங்கே இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஆனால் பெயர் ஒன்று, கட்டியவர் வேறு என்பது நம் நாட்டில் எங்கும் காண்பதுதான். தம்மபாலருக்கும் அசோகருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. நாகையில் அசோகர் காலத்துக் கல்வெட்டோ கட்டடமோ கிடைத்ததில்லை. அசோகர் பெயரைத் தாங்கிய விகாரை என்று சொல்லுங்கள், அது சரி. அசோகர் கட்டியது என்று பலகை எழுதி மாட்டாதீர்கள்.

சீனர்களுக்காகப் பல்லவ மன்னன் கோயில் கட்டியது நாகையில்தானா?

கி.பி. 720இல் தென்னிந்திய மன்னன் ஒருவன் சீனப் பேரரசின் பொருட்டு ஒரு கோயில் கட்டி, அதற்குப் பெயர் எழுதித் தரும்படி வேண்டினான் என்றும், அறத்தின்பால் திரும்புவது என்று பொருள்படும் ஒரு பெயரைப் பேரரசர் எழுதிக் கொடுத்தார் என்றும் தாங் அரசர்களின் வரலாறு சொல்கிறது. அந்த மன்னன் இராசசிம்மன் என்று புகழ்பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

கோயில் எந்த ஊரில் என்பதைச் சீனக் குறிப்பு சொல்லவில்லை. பிற்காலத்தில் இங்கே ‘சீனக் கோபுரம்’ என்று ஒன்று நின்றதால் நாகையைக் கைகாட்டுகிறார்கள். மாமல்லபுரமாகவும் இருக்கலாம், காஞ்சியாகவும் இருக்கலாம். பிற்காலப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு நூற்றாண்டு பின்னோக்கித் தாவுவது எனக்கு உடன்பாடில்லை.

சூடாமணி விகாரத்தைக் கட்டியது இராசராச சோழனா?

இல்லை. இடம் கொடுத்ததும் நிலம் கொடுத்ததும் இராசராசன். கட்டியவர்கள் கடல் கடந்த ஸ்ரீவிசய (சுமத்திராவை மையமாகக் கொண்ட அரசு) மன்னர்கள். சூளாமணிவர்மன் தொடங்கிய பணியை அவன் மகன் மாரவிசயோத்துங்கவர்மன் முடித்து, தந்தையின் பெயரை விகாரத்துக்குச் சூட்டினான். விகாரத்துக்குள் சூடாமணி என்ற ரத்தினம் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்குத் தெரிவது ஆனைமங்கலச் செப்பேடுகளால். டச்சுக்காரர் காலத்தில் அவை ஹாலந்துக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்ததால், லெய்டன் செப்பேடுகள் என்றே உலகம் அழைக்கிறது. பெரியதில் 21 ஏடுகள்: 5 வடமொழி, 16 தமிழ். இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் இந்தப் பள்ளிக்கு, அதாவது விகாரத்துக்கு, விடப்பட்டது. நிலம் 97 வேலிக்கு மேல். ஆண்டுக்கு வர வேண்டிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல். எல்லை குறிக்கப் பெண் யானையை நடத்திப் போனார்கள். ‘பிடி சூழ்தல்’ என்பது அக்கால அரசாணைகளில் வரும் நடைமுறை. அந்தப் பிடியானை வயல் வரப்பு, வாய்க்கால் என்று நடந்துபோக, ஊரார் பின்னால் போய்க் கள்ளி நட்டு எல்லை காட்டிய காட்சி எனக்கு எந்தப் போர்க்காட்சியை விடவும் பிடிக்கும்.

வாய்மொழியாக இட்ட ஆணையைத் தந்தைக்குப் பின் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் இராசேந்திரன். விகாரம் மேரு மலையையும் சிறிதாக்கும் உயரம் என்று வடமொழிப் பகுதி புகழ்கிறது. புலவர் மொழிதான் என்றாலும், கடலில் வருகிற மாலுமிக்குத் தொலைவிலேயே தெரியும் கட்டடமாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அப்படியானால் ‘பொன்னியின் செல்வ’னில் இளவரசர் தங்கிய சூடாமணி விகாரம்?

கல்கியின் நாவலால்தான் பலருக்கு இந்த விகாரமே அறிமுகம். நானும் அப்படி வந்தவன்தான். காய்ச்சலோடு அருள்மொழிவர்மர் அங்கே தங்குகிறார், புயல் வந்து கடல் பொங்குகிறது. கதை நடப்பது சுந்தர சோழர் காலத்தில். செப்பேட்டுக் கணக்குப்படி விகாரம் எழுந்தது அந்த அருள்மொழிவர்மரே இராசராசனாகி இருபது ஆண்டு ஆண்ட பிறகு. அதற்கு முன்பும் நாகையில் பௌத்தப் பள்ளிகள் இருந்தன என்பதால் காட்சி முற்றும் ஆதாரமற்றதாகிவிடாது. பெயர் மட்டும் காலத்துக்கு முந்தியது. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. நாவலை வரலாற்றுச் சான்றாகக் காட்டுகிறவர்களுக்கு இல்லை.

விகாரம் கட்டிய அரசையே இராசேந்திரன் தாக்கியது ஏன்?

நாகையில் விகாரம் எழுந்து இருபது ஆண்டு கூட ஆகாத நிலையில், 1025இல், சோழர் கடற்படை கடாரத்தையும் (இன்றைய மலேசியாவின் கெடா) ஸ்ரீவிசயத்தையும் தாக்கியது. சீனாவுக்குப் போகும் வணிக வழியில் மலாக்கா நீரிணை ஸ்ரீவிசயத்தின் கையில் இருந்தது. அங்கே தமிழ் வணிகர்களுக்கு ஏற்பட்ட நெருக்கடிதான் காரணம் என்பது ஒரு சாரார் வாதம். திக்விசயப் புகழுக்காகவும் கொள்ளைப் பொருளுக்காகவும் என்பது இன்னொரு வாதம். முதல் வாதத்தையே நான் ஏற்கிறேன். ஆனால் கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னன் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி காரணம் எதுவும் சொல்லாமல், கைப்பற்றிய பொருள்களையும் ஊர்களையும் மட்டுமே அடுக்குகிறது.

அதைவிட வியப்பு அடுத்தது. போருக்குப் பிறகும் விகாரத்தின் நிலம் பறிபோகவில்லை. 1090இல் கடாரத்து மன்னனின் தூதர்கள் இருவர் வந்து வேண்ட, முதலாம் குலோத்துங்கன் பள்ளிக்குரிய ஊர்களின் வரிவிலக்கை மறுபடி உறுதிசெய்தான். மூன்று ஏடுகள் கொண்ட சிறிய லெய்டன் செப்பேடு அதுதான். இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என்று பௌத்தப் பள்ளிகளுக்குச் சைவ மன்னர்களின் பெயர்கள். இராசேந்திரன் ஆட்சியின் தொடக்கத்தில் ஸ்ரீவிசய மன்னனின் ஆட்கள் காயாரோகணர் கோயிலுக்குச் சீனக்கனகம், அதாவது சீனப் பொன், கொடுத்த கல்வெட்டும் உண்டு. துறைமுகத்தில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை மதத்தை மட்டும் வைத்து ஊகிக்க முடியாது.

கடாரம் போன கப்பல்கள் நாகையிலிருந்துதான் புறப்பட்டனவா?

‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்கிறது மெய்க்கீர்த்தி. எந்தத் துறையிலிருந்து என்று சொல்லவில்லை. சோழர்களின் பெரிய துறைமுகம் நாகை என்பதால் அது இயல்பான ஊகம். ஊகம் என்றே சொல்லிவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

திருமங்கையாழ்வார் பொன் புத்தரை எடுத்துப் போன கதை உண்மையா?

ஊரில் இன்றும் ருசித்துச் சொல்லப்படும் கதை இது. திருவரங்கத்து மதில் கட்டப் பொருள் தேவைப்பட்டது. நாகை விகாரையில் பசும்பொன்னால் செய்த புத்தர் இருப்பதைக் கேள்விப்பட்ட ஆழ்வார், ஆட்களோடு வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். வழியில் திருக்கண்ணங்குடியில் இரவாகிவிட்டது. சேற்று வயலில் பொன்னைப் புதைத்துவிட்டு, பக்கத்துப் புளிய மரத்திடம் ‘நீ பார்த்துக்கொள்’ என்று சொல்லித் தூங்கினார். விடியலில் வயலுக்குரியவன் ஏர் பூட்ட வந்ததும் மரம் இலைகளைச் சொரிந்து அவரை எழுப்பியது. இரவில் இலை மூடாமல் விழித்திருந்ததால் அது உறங்காப்புளி. வயல் என்னுடையது என்று ஆழ்வார் வழக்காடினார், அது முடிவே காணவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது கிணற்றடியில் ஒரு பெண் மறுத்ததால் கிணறு ஊறாமல் போயிற்று. களைத்தவருக்கு நிழல் தந்தது ஒரு மகிழ மரம். ‘உறங்காப்புளி, ஊறாக் கிணறு, காயா மகிழ், தீரா வழக்கு, திருக்கண்ணங்குடி’ என்ற சொலவடை இப்படித்தான் வந்தது என்பார்கள்.

இதை எழுத்தில் தருபவை ஆழ்வார் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய குருபரம்பரை நூல்கள், அதாவது வைணவ ஆழ்வார், ஆசாரியர்களின் வரலாறு சொல்லும் நூல்கள். ஆழ்வாரே நாகைப் பெருமாளைப் பாடியிருக்கிறார். ‘அச்சோ ஒருவர் அழகியவா’ என்று உருகும் அந்தப் பாசுரங்களில் இந்தச் செய்தியின் சாயலே கிடையாது. இன்னொரு குழப்பமும் உண்டு. எடுத்தது சூடாமணி விகாரத்தின் சிலை என்று பலர் எழுதுகிறார்கள். ஆழ்வார் 8ஆம் நூற்றாண்டு, விகாரம் 11ஆம் நூற்றாண்டு. பொருந்தாது.

அதற்காகக் கதையைத் தூக்கி எறிய மாட்டேன். நாகை விகாரையின் செல்வம் வைணவர்கள் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. இதை வைத்து இரண்டு சமயத்தாரை மோதவிடுவது மட்டும் வேண்டாம். மரத்தோடு பேசுகிற கதையை நீதிமன்ற வாக்குமூலம்போல வாசிப்பது கதைக்கும் வரலாற்றுக்கும் ஒருசேரச் செய்யும் தீங்கு.

சீனக் கோபுரம் என்றால் என்ன? இப்போது எங்கே?

இப்போது இல்லை. 1867இல் இடிக்கப்பட்டது. இந்த ஒரு வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஊருக்கு வடக்கே, நாகூர் போகும் திசையில், சதுரமான செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர் சீனா பகோடா, கறுப்புப் பகோடா என்றார்கள். கப்பல்களுக்கு அது அடையாளம். 1846இல் அதைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரி சர் வால்டர் எலியட், மூன்று நிலைகள் என்றும், சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே நெருக்கமாக அடுக்கிய செங்கல் என்றும், ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே வாயில் போன்ற திறப்பு என்றும் எழுதினார். கூரை அப்போதே போய், மேலே வானம் தெரிந்தது.

அது யார் கட்டியது என்பதில்தான் தகராறு. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான், இந்தக் கரையில் செங்கல்லாலான ஒரு கோபுரத்தையும், 1267இல் முடிந்தது என்று பொருள்படும் சீன எழுத்துகளையும் குறிப்பிடுகிறார். டச்சுப் பாதிரியார் வாலண்டைன் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியபோதும் ‘சீனா பகோடா’ என்ற பெயர் வழங்கியது. பர்மாவில் 1476இல் வெட்டப்பட்ட கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரையேறிய பிக்குகள் நாகப்பட்டினத்தில் சீன தேசத்து மகாராசா அமைத்த குகையில் புத்தரை வணங்கியதைச் சொல்கிறது. இம்மூன்றும் சீனர் பக்கச் சான்றுகள். மறுபக்கத்தார், அது சூடாமணி விகாரத்தில் எஞ்சிய பகுதி என்றும், சீனர் பிற்காலத்தில் புதுப்பித்து எழுத்துப் பொறித்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

நான் சீனர் பக்கம் சாய்கிறேன். தொடர்பில்லாத மூன்று நாட்டவர் ஒரே பெயரைச் சொல்வதைத் தள்ள முடியவில்லை. ஆனால் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்திருந்தால், செங்கல் அளவை எடுத்திருந்தால், இந்த வழக்கு என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

அதற்கு வாய்ப்பில்லாமல் போன விதம் இது. அருகில் கல்லூரி நடத்திய இயேசு சபையினர், பழுதான கோபுரத்தை இடித்து அதன் செங்கல்லைத் தங்கள் கட்டடத்துக்குப் பயன்படுத்த 1859இல் சென்னை அரசிடம் அனுமதி கேட்டார்கள். உடனே கிடைக்கவில்லை. 1867இல் கிடைத்தது. கோபுரம் தரைமட்டமாயிற்று. அந்தக் கல்லூரியும் 1883இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது. இன்றைய புனித வளனார் கல்லூரி அதுதான். கேட்டவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழைய சின்னங்களைக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்ற எண்ணமே அன்று வேரூன்றவில்லை. கோபுரத்தின் உருவம் இன்று நமக்குத் தெரிவதே எலியட் பதிப்பித்த படத்தால்தான்.

நாகையில் கிடைத்த புத்தர் சிலைகள் எத்தனை? ஏன் மண்ணுக்குள் இருந்தன?

1856இல் கோபுரத்தை ஒட்டி நின்ற பழைய இலுப்பை மரத்தை எடுத்தபோது ஐந்து சிறு சிலைகள் கிடைத்தன. அதிலிருந்து 1930கள் வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெருப் பகுதிகளில் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. பெரும்பாலானவை கைக்கடக்கமானவை. சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன.

படையெடுப்புக்கு அஞ்சிப் புதைத்தார்கள் என்பது பொதுவான பேச்சு. வழிபாட்டிலிருந்து விலக்கியவற்றை முறைப்படி மண்ணில் சேர்த்ததாகவும் இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றின் காலம். சோழர் காலம் தொடங்கி 16ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் கொண்டுபோகிறார்கள். தமிழகத்தில் பௌத்தம் பக்தி இயக்கத்தோடு மறைந்துவிட்டது என்று பள்ளியில் படித்தோமே, அந்த வரியை நாகை ஏற்கவில்லை. போர்த்துகீசியர் கப்பல் வந்த காலம் வரை இங்கே யாரோ புத்தருக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

நாகூர் ஆண்டவர் டச்சுக் கப்பலைக் காப்பாற்றினாரா, போர்த்துகீசியக் கப்பலையா?

ஷாகுல் ஹமீது வலியுல்லா முடி மழித்துக்கொண்டிருக்கையில், நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலிலிருந்து வந்த கதறல் அவருக்குக் கேட்டது. கையிலிருந்த கண்ணாடியைக் கடலை நோக்கி எறிந்தார். அது போய் ஓட்டையில் பதிந்து கப்பலைக் காத்தது. இதுதான் கதை. சிலர் டச்சுக் கப்பல் என்கிறார்கள். ஆண்டவர் வாழ்ந்தது 16ஆம் நூற்றாண்டு, டச்சுக் கம்பெனி தொடங்கியதே 1602. ஐரோப்பியக் கப்பல் என்றால் போர்த்துகீசியருடையதாகத்தான் இருக்க முடியும். பின்னாளில் ஊரை ஆண்ட டச்சுக்காரர் பெயர் கதையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கந்தூரி விழாவில் நாகையிலிருந்து நாகூருக்குக் கொடி ஊர்வலம் போகும்போது கப்பல் வடிவ ரதங்கள் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? 131 அடி உயரப் பெரிய மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகளின் கதை தெற்கே வேளாங்கண்ணியிலும் உண்டு. கடலுக்குப் போனவர் திரும்ப வேண்டும் என்ற ஒரே வேண்டுதல் இந்தக் கரையில் எல்லா வாசலிலும் கேட்கிறது.

டச்சுக்காரர் தடயம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். கோட்டை போய்விட்டது. கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஊரார் அதைக் கரிக்கோப் என்பார்கள். ‘கெர்க்ஹோஃப்’ என்ற டச்சுச் சொல் நம் வாயில் அப்படி ஆயிற்று.

இன்று நாகைக்குப் போனால் எதைப் பார்ப்பது?

காயாரோகணர் நீலாயதாட்சி கோயில், சௌந்தரராசப் பெருமாள் கோயில், நாகூர் தர்கா, கரிக்கோப், நேரமிருந்தால் திருக்கண்ணங்குடி. புத்தர் சிலைகளுக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போக வேண்டும். விகாரத்தையும் கோபுரத்தையும் தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள்.

ஆவணி மாதம் போக முடிந்தால் அதிபத்தர் விழாவுக்குப் போங்கள். நாகையின் நுளைப்பாடிக் குப்பத்து மீனவரான அதிபத்தர், அறுபத்துமூவரில் ஒருவர். தினமும் வலையில் படும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் வழக்கம். வலை வறண்டு நாளுக்கு ஒரு மீனே கிடைத்த காலத்திலும் அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். கடைசியில் ஒருநாள் பொன் மீன் ஒன்று மட்டும் வந்தது. அதையும் விட்டார். இதற்கு ஆண்டு குறிக்க முடியாது, செப்பேடு காட்ட முடியாது. ஆனாலும் ஆயில்ய நாளில் மீனவர்கள் கடலுக்குள் போய் அதிபத்தர் பேரால் பொன் மீனைக் கடலில் விடுகிறார்கள். கரையில் கூட்டத்தோடு நின்று பாருங்கள்.